வெயிலில் வைத்த சம்பந்தி

என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று ஒரு மனிதரை, அவருடைய மனைவி, மகன், தம்பி, ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் இல்லாமல் ஆக்கினேன். அவர் ஏற்கெனவே இறந்துபோனவர் என்பது ஒன்றுதான் என் தரப்பில் சொல்லக்கூடிய நியாயம்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் என்னை அலட்சியக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. நான் அதற்கு நேர் எதிர். கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் ஸ்டோருக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவின் மேல் 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டியிருக்கும். திறந்தால் உள்ளே சர்க்கரையே இருக்கும். (பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் ஊசியும் நூலும் இருக்கிற வீடுகளுக்குப் போனால் எனக்கு அன்று தூக்கம் வராது.) பினாயில், ஆசிட், எலி மருந்து மாதிரி ஆபத்தான சாமான்களுக்கு மட்டும் சிவப்பு மையில் எழுதுவேன். ஸ்டோரில் இது என் சட்டம். சிவப்பைப் பார்த்தால் கை தானாக நிற்க வேண்டும்.

நான் சொல்லப்போகிற விபத்து நடந்ததற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். ஒழுங்கில்லாத ஒருத்திக்கு அது நடந்திருக்கவே நடந்திருக்காது.

நாங்கள் குடியிருப்பது நாயுடுபுரத்தில். எங்கள் வீட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கும் தகரக் கூரை வீட்டுக்கு பெங்களூரிலிருந்து நிவேதா என்ற பெண் குடிவந்தாள். வயது இருபத்தேழோ என்னவோ. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பழைய ஃபிலிம் கேமராவில் படம் எடுப்பது, அந்த ஃபிலிமை வீட்டிலேயே கழுவுவது, இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படமாகத் தாளில் எடுப்பது, இதையெல்லாம் சனி ஞாயிறில் சொல்லித்தருவதாக வாசலில் ஒரு பலகை வைத்தாள். மகள் யாழினி வேலைக்குப் போய்விட்டாள். கணவர் பேப்பருக்குள் போய்விட்டார். எனக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தேன். மாணவர்களில் நான்தான் மூத்தவள். ஆசிரியையே என்னை "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிட்டாள்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. அளவு, நேரம், வெப்பம், வரிசை எல்லாம் அதில் உண்டு. வெறும் வெள்ளையாக இருக்கும் தாளில் ஃபிலிம் வழியாகக் கொஞ்ச நேரம் வெளிச்சம் விட வேண்டும். பிறகு அதை வரிசையாக நாலு தட்டுகளில் முக்க வேண்டும். முதல் தட்டு டெவலப்பர்; அதில்தான் உருவம் வரும். இரண்டாவது வினிகர் கலந்த தண்ணீர். அது உருவம் வளர்வதை நிறுத்தும். மூன்றாவது ஃபிக்ஸர், வந்த உருவத்தை நிலைக்கவைக்கும் மருந்து. நாலாவது வெறும் தண்ணீர், அலசுவதற்கு.

"மூணாவது தட்டை மட்டும் மறக்கவே கூடாது ஆன்ட்டி," என்றாள் நிவேதா. "ஃபிக்ஸ் ஆகாத பேப்பருக்குப் பசி அடங்காது. லைட்டுக்கு வந்தா அது பாட்டுக்கு வெளிச்சத்தைத் தின்னுட்டே இருக்கும். தின்னு தின்னு மொத்தமா கறுத்துடும்."

சொன்னதோடு விடாமல், மருந்து படாத ஒரு தாளை ஜன்னலில் வைத்துக் காட்டினாள். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அது ரோஜா நிறமாகி, ஊதாவாகி, கடைசியில் மழை மேகம் மாதிரி ஆனது. நான் அதைக் கவனமாகப் பார்த்து, நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன்.

வேலை முழுவதும் சிவப்பு விளக்கில்தான் நடக்கும். அந்த வெளிச்சத்தில் மனிதர்கள் ஒரு மாதிரியாகிவிடுவார்கள். உதடுகள் முகத்தோடு கலந்து மறைந்துவிடும். பேசுகிற ஆளுக்கு வாய் இருக்காது. பல் மட்டும் வந்து வந்து போகும். முதல் நாள் நிவேதா என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, உங்க பொட்டைக் காணோம்!"

தொட்டுப் பார்த்தேன். குங்குமம் விரலில் ஒட்டியது. கண்ணாடியில் நெற்றி வெறுமையாக இருந்தது. சிவப்பு விளக்கில் சிவப்பு தெரியாது என்று அவள் விளக்கினாள். எனக்கு உள்ளுக்குள் சில்லென்றது. அன்றே, அப்போதே, எனக்கு இன்னொரு விஷயமும் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இது நடந்துகொண்டிருந்தபோதுதான் யாழினி தன் கல்யாணத்தைத் தானே முடிவுசெய்தாள். அவள் ஒரு ஹோம்ஸ்டேயில் கணக்குப் பார்க்கிறாள். அங்கே ஜீப்பில் காய்கறி கொண்டுவந்து போடும் தினேஷ் என்ற பையன்தான் மாப்பிள்ளை. மேல்மலையில், கூக்கால் கிராமத்தில் பூண்டுத் தோட்டம். அமைதியான பையன். அப்பா வேலாயுதம் உயிரோடு இல்லை. இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இந்த மலையில் கூலி வேலை பார்த்து, மெல்ல மெல்ல நிலம் பிடித்தவர். அம்மா ராசம்மாவும் அந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். அவருக்கு யாழினியைப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது.

பிடிக்காத ஒரே ஆள் மாரிமுத்து. வேலாயுதத்தின் தம்பி, தினேஷுக்குச் சித்தப்பா. தன் மனைவி வழியில் ஒரு பெண்ணை அவர் மனதில் வைத்திருந்தார். நிச்சயத்தில் மாப்பிள்ளைக்கு அப்பா ஸ்தானத்தில் நின்று பெண் வீட்டாரிடமிருந்து தாம்பாளத்தை வாங்க வேண்டியவர் அவர். அவர் கை நீட்டினால் கல்யாணம், நீட்டாவிட்டால் இல்லை. கூக்காலில் அவர்கள் வீட்டுக்குப் பேசப் போயிருந்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கொண்ணும் இல்ல மதினி. ஆனா அண்ணன் இருந்திருந்தா இதுக்குச் சம்மதிச்சிருக்க மாட்டாரு."

"அதை அவருகிட்டயே கேப்போம்," என்றார் ராசம்மா. "அவரு படத்தை முன்னால வச்சே தட்டு மாத்துவோம். இந்த வீட்டுலதான்."

வழக்கமாகப் பெண் வீட்டில் நடக்க வேண்டிய நிச்சயம் இப்படித்தான் கூக்காலுக்குப் போனது. ஆனால் வைப்பதற்குப் படம் இல்லை. எப்போதோ மலையேற வந்த வெள்ளைக்காரர் ஒருவர் பூண்டு வயலில் வேலாயுதத்தைப் படம் எடுத்து, ஒரு சின்னப் பிரதியையும் நெகட்டிவையும் தபாலில் அனுப்பியிருக்கிறார். பிரதியைப் பூஞ்சை தின்றுவிட்டது. நெகட்டிவ் மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. டவுனில் ஸ்டுடியோக்காரர், "இப்ப யாருங்க நெகட்டிவ் போடுறா? மதுரைக்கு அனுப்பணும், லேட்டாகும்" என்று கையை விரித்திருந்தார்.

ராசம்மா அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுத்த முகம், கறுத்த பல், கண்மணி இரண்டும் வெள்ளை. பார்வை இல்லாத ஒரு முகம் என்னையே பார்த்தது. எனக்கு உடம்பு கூசியது. ஆனால் வாய் கூசவில்லை.

"நானே பெரிசாப் போட்டுத் தர்றேன் சம்பந்தி. என் கையாலேயே."

மாரிமுத்து திரும்பினார். "இன்னும் தட்டே மாத்தல. அதுக்குள்ள சம்பந்தியா?"

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் சேகர் ஜீப்பின் சத்தத்தைத் தாண்டி ஒன்றே ஒன்று கேட்டார். "இதுவரைக்கும் நீ ஒரு படமாவது முழுசா போட்டிருக்கியா?"

"சேவற்கொண்டைப்பூ போட்டிருக்கேன்."

"அது சேவற்கொண்டைப்பூவா? நான் நண்டுன்னுல்ல நெனச்சேன்."

எங்கள் குளியலறையை இருட்டறை ஆக்கினேன். படத்தைப் பெரிதாக்கும் கருவியை நிவேதா இரவல் தந்தாள். ஜன்னலுக்கு இரண்டு கம்பளி, கதவிடுக்குக்குப் பழைய புடவை. நிவேதா வீட்டில் தட்டுகள் ஒன்று நீலம், ஒன்று பச்சை என்று கண்டபடி இருக்கும். எனக்கு அது பார்க்கச் சகிக்காது. பாத்திரக் கடையில் ஒரே அளவில், ஒரே வெள்ளையில் நாலு பிளாஸ்டிக் தட்டுகள் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதினேன். மருந்துகள் ஆபத்தானவை அல்லவா? ஸ்டோர் சட்டப்படி, சிவப்பு மையில் எழுதினேன்.

ஒரு மதிய நேரம். வெளியே மேகம் இறங்கித் தெருவே தெரியவில்லை. கதவைச் சாத்தி, வெள்ளை விளக்கை அணைத்துச் சிவப்பு விளக்கைப் போட்டேன். குனிந்தேன். நாலு தட்டுகளிலும் டேப் இருந்தது. எழுத்து இல்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். சற்று முன் என் கையால் அழுத்தி எழுதிய எழுத்துகள். நாலு டேப்பும் இப்போதுதான் ஒட்டியதுபோலப் பளீரென்று வெறுமையாக இருந்தன. யாரோ பின்னாலிருந்து துடைத்துவிட்டதுபோல் ஒரு நொடி பயந்து திரும்பியே பார்த்துவிட்டேன். என் பொட்டு மறைந்த அன்று தோன்றியிருக்க வேண்டியது அப்போதுதான் தோன்றியது. வெளியே போய்க் கறுப்புப் பேனா எடுத்துவந்திருக்கலாம். ஆனால் வரிசைதான் மனப்பாடமாயிற்றே, இடமிருந்து வலம். யாருக்கு எழுத்து வேண்டும் என்று தொடர்ந்தேன். (ஒழுங்கானவர்களுக்கு இருக்கும் திமிர் ஒழுங்கில்லாதவர்களுக்குக் கிடையாது.)

முதலில் சின்னத் துண்டுத் தாள்களில் சோதித்தேன். நன்றாக வந்தன. பிறகு முழுத் தாளை எடுத்து, வெளிச்சம் விட்டு, டெவலப்பரில் நழுவவிட்டேன். தட்டை மெல்ல ஆட்டினேன்.

முதலில் வந்தவை இரண்டு கண்மணிகள். முகம் இல்லை, தலை இல்லை. வெள்ளைத் தாளில் இரண்டு புள்ளிகள் மட்டும் தண்ணீருக்கடியிலிருந்து என்னைப் பார்த்தன. அடுத்து மூக்குத் துவாரங்கள். அப்புறம் வாயின் கோடு. தட்டை ஆட்ட ஆட்ட, தண்ணீர் அலைய அலைய, அந்த வாய் ஏதோ சொல்வதுபோல் அசைந்தது. கன்னத்தின் குழி, கழுத்தின் நிழல், பின்னால் பனியில் பூண்டு வயல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நரைத்த தலையும் நரைத்த மீசையும் வெள்ளைச் சட்டையும் தாளின் வெண்மையாகவே நின்றன. உயிரோடு நான் ஒருமுறைகூடப் பார்த்திராத மனிதர் என் குளியலறையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் மல்லாந்து படுத்திருந்தார். மரியாதை இல்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

"வணக்கம் சம்பந்தி," என்றேன்.

கதவுக்கு வெளியே சேகரின் குரல் கேட்டது. "யாருகிட்டப் பேசுற?"

"சம்பந்திகிட்ட."

"போன்ல இருக்காங்களா?"

"இல்லங்க. அந்த அம்மா இல்ல. அவரு. தண்ணிக்குள்ள இருக்காரு."

செருப்பு வாசல் பக்கம் போவது கேட்டது.

அவரை இடுக்கியால் தூக்கி வினிகர் தண்ணீரில் போட்டேன். அப்போது கரண்ட் போனது.

கொடைக்கானலில் காற்றடித்தால் கரண்ட் போவது செய்தியே இல்லை. ஆனால் இரண்டு கம்பளியும் ஒரு புடவையும் வைத்து நானே செய்த இருட்டு அது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். குழாய் சொட்டியது. என் காலடியில் எங்கேயோ அந்த முகம் கண்ணைத் திறந்தபடி கிடந்தது. அது இருக்கும் திசை எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல முடியாது. ஒரு அடி பின்வாங்கினேன். பாதம் ஒரு தட்டில் இடித்தது. அது சறுக்கிக்கொண்டு போய் இன்னொன்றில் மோதும் சத்தம் கேட்டது. தண்ணீர் அலம்பியது. யாரோ எழுந்து உட்கார்வதுபோல் இருந்தது. எனக்குத் தெரிந்த சாமிப் பாட்டையெல்லாம் வரிசை மாறாமல் சொன்னேன்.

கரண்ட் வந்தது. சிவப்பு வெளிச்சத்தில் மூன்றாவது தட்டும் நாலாவது தட்டும் வாளிக்கருகே இடம் கலைந்து கிடந்தன. இரண்டும் வெள்ளை. இரண்டிலும் தெளிந்த நீர். இரண்டிலும் எழுத்தில்லாத டேப். மோந்து பார்த்தால் மருந்து வாடை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எனக்கு நாலு நாளாகச் சளி. யோசித்தேன். இடித்தது வலது கால், அதனால் நகர்ந்தது வலப்பக்கத் தட்டு, ஆகவே இது ஃபிக்ஸர் என்று ஒழுங்காகத் தர்க்கம் செய்து, சம்பந்தியை அதில் படுக்கவைத்தேன். சொன்ன நேரத்துக்கு ஒரு நொடி குறையாமல் ஊறவைத்தேன். மற்றத் தட்டின் தண்ணீரில் கால் தூசி விழுந்திருக்கும் என்று அதைக் கொட்டிவிட்டு, வாளித் தண்ணீரில் அலசினேன்.

மருந்து என்று நான் நம்பியது தண்ணீர். தண்ணீர் என்று நினைத்துச் சாக்கடையில் கொட்டியதுதான் மருந்து. வேலாயுதம் சுத்தமாகக் குளித்தார், நிலைக்கவில்லை.

வெள்ளை விளக்கைப் போட்டுப் பார்த்தபோது படம் அவ்வளவு அழகாக இருந்தது. லேசாக ஒரு ரோஜா நிறம் தட்டியதுபோல் தோன்றியது. நெடுநேரம் சிவப்பில் இருந்த கண் என்று விட்டுவிட்டேன். துண்டுகளுக்கு நடுவே வைத்து அலமாரியில் உலர்த்தி, முன்பே அளவெடுத்து வாங்கிய சட்டத்தில் பூட்டி, மஞ்சள் துணியில் சுற்றினேன். மஞ்சள் துணிக்குள், இருட்டில், அவர் பத்திரமாக இருந்தார்.

நிச்சயத்தன்று வெள்ளனே கிளம்பினோம். பூம்பாறை தாண்டும்வரை ஜீப்புக்கு முன்னால் வெறும் வெள்ளை. கூக்காலிலும் ஏரி இருக்கும் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ராசம்மா வீட்டு முற்றத்தில் கிழக்குப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு, பட்டு விரித்து வைத்திருந்தார்கள். அதில் படத்தை வைத்து, துணியை நான்தான் எடுத்தேன்.

ராசம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"நெத்திச் சுருக்கங்கூட அப்படியே கெடக்கே," என்றார். மாலையைப் போட்டார். தினேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாரிமுத்துகூடத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். நான் சேகரை ஒரு பார்வை பார்த்தேன். (அந்தப் பார்வைக்கு அர்த்தம்: நண்டா இது?)

அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் வந்தது. அந்த உயரத்தில் வெயில் வந்தால் சுள்ளென்று வரும். நேராக நாற்காலியின் மேல் விழுந்தது. பெரியவர் ஒருவர் முகூர்த்த ஓலையை வாசிக்க ஆரம்பித்தார்.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுப் பெண். "ராசம்மாக்கா, அண்ணனுக்கு வெக்கத்தைப் பாருங்க! மூஞ்சி செவந்துருச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி பார்த்தேன். சிரிப்பு வாயிலேயே நின்றது. கன்னம் ரோஜா நிறமாகியிருந்தது. சட்டையும்தான். நிவேதாவின் ஜன்னலில் இருந்த தாள் கண் முன்னால் வந்தது.

"சட்டை வெள்ளையாத்தான இருந்துச்சு?" என்றது ஒரு குரல்.

"இப்ப ஊதாவால்ல கெடக்கு?"

"ஏலே, மீசையப் பாரு! மீசை கறுக்குது!"

மீசை கறுத்தது. புருவம் கறுத்தது. வெள்ளையாக இருந்தவையெல்லாம்தானே வெளிச்சத்தைத் தின்னும்? நரைத்த தலை எல்லார் கண் முன்னாலும் ஓரத்திலிருந்து உள்ளே இருண்டுகொண்டு வந்தது. செத்துப்போன மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடி இளமையாகிக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் நிறுத்திவிட்டார். மேகம் ஒன்று வந்து வெயிலை மறைத்தது, கறுப்பது நின்றது. எல்லாரும் மூச்சுவிட்டார்கள். மேகம் போனது, மறுபடி ஆரம்பித்தது. இப்போது கண்ணின் வெள்ளை மங்கத் தொடங்கியது.

மாரிமுத்து தாம்பாளத்திலிருந்து தள்ளி நின்றார்.

"பாத்தீகளா மதினி? நான் சொன்னா நம்பலையே. அண்ணன் கோவப்படுறாரு. மூஞ்சியே இருண்டு போச்சு. இதுக்கு மேல நான் எப்பிடித் தட்டை வாங்குறது?"

யாழினி என்னைப் பார்த்தாள். அந்த வயதில் அப்படி ஒரு முகம் அவளுக்கு வரக் கூடாது. சேகர் என் முழங்கையைப் பிடித்து, "வாயைத் திறக்காத" என்றார். திறந்தேன்.

"அவரு கோவப்படலைங்க! தப்பு என்னோடது! நான்தான் அவரை ஃபிக்ஸர்ல போடல!"

"எதுல போடல?" என்றார் மாரிமுத்து.

"ஃபிக்ஸர்ங்க. மருந்து. அதுல ஊறவச்சிருந்தா இப்பிடி ஆகியிருக்காது."

"செத்துப்போனவருக்கு என்னாத்துக்கும்மா மருந்து?"

"படத்துக்குங்க! வெறும் தண்ணியில போட்டுட்டேன். வெயிலு பட்டா கறுக்கும். வேற ஒண்ணுமே இல்ல. சத்தியமா இது கெமிக்கல்!"

"கெமிக்கலா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். "பூண்டுக்கு அடிக்கிறதா?"

நான் மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு நாற்காலியை நோக்கி ஓடினேன். மூடிவிட்டால் போதும். இருட்டில் கொண்டுபோய், வீட்டில் மருந்தில் போட்டால், மிச்சம் இருப்பவரையாவது காப்பாற்றிவிடலாம். ராசம்மா குறுக்கே கை நீட்டினார். அவர் அதுவரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடி முழுக்கக் கறுத்து, மீசை கறுத்து, முகத்தில் சுருக்கமெல்லாம் மங்கி, அங்கே ஒரு இளவட்டம் உட்கார்ந்திருந்தான்.

"தோட்டத்து லயத்து வீட்டுல என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப இப்பிடித்தான் இருந்தாரு," என்றார் ராசம்மா, யாரிடமும் இல்லாமல். பிறகு என்னிடம் கேட்டார். "இன்னும் எம்புட்டு நேரம் இருப்பாரு?"

என் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்விக்கு நான் பதில் சொன்னதில்லை. வானத்தைப் பார்த்தேன். "வெயிலு இப்பிடியே அடிச்சா கொஞ்ச நேரந்தான். மேகம் வந்தா கூடக் கொஞ்சம் இருப்பாரு. மூடிட்டா அப்படியே நிறுத்திப்புடலாம் சம்பந்தி."

"மூடாதீக. அவரு பாக்கணும்னுதான வச்சது? மூடி வச்சுட்டு யாரு முன்னாடி மாத்துறது?" கொழுந்தனாரின் பக்கம் திரும்பினார். அதுவரை மென்மையாக இருந்த குரலில் இப்போது பூண்டு வயலில் ஆள் கூப்பிடும் சத்தம் வந்தது. "ஏலே மாரிமுத்து! என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அண்ணன் வயசெல்லாம் கழட்டிப்போட்டுட்டு மகன் விசேசத்துக்கு வந்து உக்காந்திருக்காரு. வந்த மனுசன் போறதுக்குள்ள தட்டைப் புடி. சுணங்காம புடி!"

மாரிமுத்து அண்ணனைப் பார்த்தார். தன்னைவிட இப்போது இளையவராகிவிட்ட அண்ணன். கண்ணில் வெள்ளையே இல்லாமல், முழுக்க இருட்டாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகம். இரண்டு கையும் முன்னால் வந்தன. சேகர் தாம்பாளத்தை அந்தக் கைகளில் கிட்டத்தட்டத் திணித்தார்.

அப்புறம் நடந்ததைப் போன்ற வேகத்தில் இந்த மலையில் ஒரு நிச்சயமும் நடந்திருக்காது. மிச்ச ஓலையைப் பெரியவர் பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல் வாசித்தார். "வெரசா, வெரசா, காது மறையுது!" என்று ஒருவர். "பூவை வைங்கத்தா, மூக்கு போகப்போவுது!" என்று இன்னொருவர். யாழினிக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பூ வைத்தார்கள். தினேஷும் அவளும் ஓடிவந்து நாற்காலி முன்னால் விழுந்து எழுந்தபோது, அங்கே தாடையின் கோடு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அவர்கள் நிமிர்ந்தபோது அதுவும் இல்லை.

கண்கள் போனதாக எனக்குத் தோன்றவில்லை. தட்டில் முதலில் வந்தவை அவைதான். அவை அங்கேயேதான் இருந்தன. சுற்றியிருந்த முகமும் வயலும் பனியும் ஒவ்வொன்றாக அவற்றின் நிறத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

மேகம் திரும்ப இறங்கி முற்றத்தை மூடியது. பிறகு ராசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இலையைப் போடுங்க" என்றார்.

அன்று என் நாட்குறிப்பில் 'வெயில்' என்ற ஒரு சொல் மட்டும்தான் இருக்கிறது. நிவேதாவிடம் சொன்னபோது அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஆன்ட்டி, பெங்களூர்ல இதையே ஆர்ட்னு சொல்லி கேலரியில வச்சிருப்பாங்க."

நெகட்டிவ் பத்திரமாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன் மறுபடி ஒரு படம் போட்டேன். கறுப்பு மையில் பெயர் எழுதி, ஃபிக்ஸரில் இரண்டு முறை ஊறவைத்து, எங்கள் மொட்டைமாடியில் ஒரு வாரம் வெயிலில் வைத்துச் சோதித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, ஒரு குறை சொல்ல முடியாது. ராசம்மா அதை வாங்கி நன்றாகப் பார்த்தார்.

"நல்லாருக்கு சம்பந்தி. ஆனா இதுல இருக்கிறது செத்துப்போனவரு. அதுல இருக்கிறது விசேசத்துக்கு வந்தவரு."

புதுப் படம் பூண்டு காயப்போடும் அறைக்குப் போனது. கறுத்த சட்டம் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த வீட்டில் யாராவது கிளம்ப நேரமாக்கினால், "வெரசா வாங்கப்பா, பெரியவரு கறுக்குறாரு" என்றுதான் சொல்வார்கள். மலையில் பக்கத்து ஊரான போளூர்வரை இந்தப் பேச்சு போயிருப்பதாகத் தினேஷ் சொல்கிறான். அதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பெரியவர் யார் என்றே தெரியாதாம்.

நாங்கள் கூக்காலுக்குப் போகும்போதெல்லாம், முதலில் அந்தச் சட்டத்தின் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிடுவேன். கறுத்த தாளுக்கு மேல் கண்ணாடி இருப்பதால், அதில் உருவம் துல்லியமாகத் தெரியும். பொட்டு வைத்த முகம் ஒன்று, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, மாலைக்கு நடுவிலிருந்து என்னைப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகு சில்லிடும். ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து மாரிமுத்துவின் குரல் வரும்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சம்பந்தி. அந்த மாலை எங்க அண்ணனுக்குப் போட்டது."